“வெள்ளி இரவு ஒரு மணி” என்று எழுதாதீர்கள்

கல்முனை, மட்டக்களப்பு, காத்தான்குடி, அக்கரைப்பற்றுப் பக்கம் விமான டிக்கெட் போட்டுக் கொடுக்கும் ஏஜென்சிக்காரர்களுக்கும், கொழும்பு இரவு பஸ்ஸுக்கு சீட் பதியும் புக்கிங் கந்தோர்க்காரர்களுக்கும்.

அண்ணன்மாரே, நானாமாரே, கவுண்டரில் இருந்து போன் எடுக்கும் தம்பி தங்கச்சிமாரே! வணக்கம், ஸலாம்.

நான் கல்முனைப் பக்கத்திலிருந்து கட்டுநாயக்கா விமான நிலையத்துக்கு வான் ஓட்டுகிறவன். உங்களிடம் டிக்கெட் எடுத்தவர் அடுத்ததாக என்னைப் போன்ற ஒருவனுக்குத்தான் கோல் எடுப்பார். ஆகவே உங்கள் கந்தோரில் எழுதப்பட்ட நேரம் ஊருக்குள் போய் என்னவாக மாறுகிறது என்பது உங்களைவிட எனக்குக் கொஞ்சம் கூடுதலாகவே தெரியும். அதனால்தான் இந்த மடல். பெயர் எதுவும் இதில் வராது, பயப்படாதீர்கள்.

கேட்கப்போவது சின்ன விசயம். பிரயாணிக்கு நீங்கள் கொடுக்கும் துண்டிலும் வாட்ஸ்அப் செய்தியிலும் நேரத்தை 24 மணி முறையில் எழுதுங்கள். நள்ளிரவு தாண்டிய பயணமென்றால், எந்தக் கிழமைக்கும் எந்தக் கிழமைக்கும் நடுவிலுள்ள இரவு என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.

விமானக் கம்பெனி அனுப்பும் டிக்கெட்டில் 24 மணி நேரம்தானே இருக்கிறது என்று நீங்கள் சொல்லலாம். உண்மைதான். அதில் 00.40 என்று சரியாகவே கிடக்கும். ஆனால் அந்தத் தாளைப் பார்த்து ஆச்சிக்கும் உம்மாவுக்கும் விளங்காது என்று நினைத்து, நல்லெண்ணத்தில், நீங்கள் பேனையை எடுத்து ஓரத்தில் “12ஆம் திகதி செவ்வாய் இரவு 12.40” என்று எழுதிக் கொடுக்கிறீர்கள். டிக்கெட்டின் பிழையில்லாத நேரம் அந்த ஓரத்தில்தான் பிழையாகிறது. ஏனென்றால் அந்தத் தாளைக் கையில் வாங்கும் மனிதருக்குச் செவ்வாய் இரவு என்பது செவ்வாய் பகல் முடிந்து வருகிற இரவு. விமானம் போவதோ திங்கள் பொழுதுபட்டு, ஆக்கள் சாப்பிட்டுப் படுத்து, நடுச்சாமம் தாண்டி நாற்பதாவது நிமிடத்தில்.

கணக்கைச் செய்து பாருங்கள். 12ஆம் திகதி செவ்வாய் 00.40க்கு விமானம். மூன்று மணித்தியாலம் முன்னதாக விமான நிலையத்தில் நிற்க வேண்டும், அதாவது 11ஆம் திகதி திங்கள் 21.40. கல்முனையிலிருந்து மட்டக்களப்பு, பொலன்னறுவை, ஹபரணை, தம்புள்ளை, குருநாகல் என்று போனால் வழியில் ஒரு சாப்பாடு, ஒரு தேத்தண்ணி, தொழுகைக்கு ஒரு நிறுத்தம் எல்லாம் சேர்த்து எட்டு மணித்தியாலம் வைத்துக்கொள்வது புத்தி. அப்படியென்றால் வான் வீட்டு வாசலில் நிற்க வேண்டியது திங்கள் பகல் ஒரு மணியளவில். செவ்வாய் என்று போட்ட டிக்கெட்டுக்குத் திங்கள் மத்தியானச் சோற்றோடு வெளிக்கிட வேண்டும்! இதைக் கேட்டால் எவருக்கும் முதலில் நம்பிக்கை வராது. “மறுகா ஏன் டிக்கெட்டில செவ்வாய் எண்டு கிடக்கு?” என்று என்னிடம் சண்டைக்கு வந்தவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் கேட்பதில் நியாயமில்லை என்று எப்படிச் சொல்வது?

ஒரு குடும்பத்தைச் சொல்கிறேன், ஊர் வேண்டாம். தாய் குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போகிறார். மூத்த மகன் செவ்வாய்க்கிழமை காலையில் கோல் எடுத்து, “இண்டைக்கு ராத்திரி ஃபிளைட், மத்தியானம் வான் அனுப்புங்க” என்றான். வழமையாகக் கேட்பது போல டிக்கெட்டை ஒரு படம் எடுத்து அனுப்பச் சொன்னேன். படம் வந்தது. விமானம் அன்று விடியற்காலைக்கு முன்னமே போய்விட்டது. அந்தப் பிள்ளைக்கு இதை எப்படிச் சொல்வது என்று தெரியாமல் போனைப் பிடித்தபடி கொஞ்ச நேரம் நின்றேன். ஓரத்தில் நீலப் பேனையால் “செவ்வாய் இரவு” என்று வட்டம் வேறு போட்டிருந்தது. அழகான கையெழுத்து.

டிக்கெட் காசு மட்டும் போவதில்லை. வேலைக்குப் போகிறவர் என்றால் விசாத் தவணை இருக்கிறது, அங்கே விமான நிலையத்தில் காத்து நிற்கிற ஆள் இருக்கிறார், இங்கே வட்டிக்கு வாங்கிய காசும் இருக்கிறது. உம்ராக் குழு என்றால் நாற்பது பேரும் போய்விட ஒருவர் மட்டும் வீட்டில்.

நம் பகுதியில் இந்தக் குழப்பம் மற்ற இடங்களைவிடக் கூடுதலாகவே நடக்கும், அதற்கொரு காரணம் இருக்கிறது. ஒரே தெருவில் இரண்டு விதமான நாள் ஓடுகிற ஊர்கள் நம்முடையவை. கல்முனையை எடுங்கள். தமிழர் வீட்டில் நாள் விடிந்துதான் தொடங்கும். பஞ்சாங்கக் கணக்கும் சூரிய உதயத்திலிருந்துதான். வெள்ளி இரவு ஒரு மணி என்றால், வெள்ளிக்கிழமை அம்மன் கோயில் பூசைக்குப் போய்வந்து படுத்த இரவின் ஒரு மணி. மணிக்கூட்டுக் கணக்கில் அது சனி 01.00. முஸ்லிம் வீட்டில், அதிலும் வயதானவர்களிடம், நாள் மஃரிபோடு, அதாவது பொழுதுபடும் நேரத் தொழுகையோடு, மாறிவிடும். வெள்ளி இரவு என்றால் ஜும்ஆவுக்கு முந்திய இரவு, வியாழன் பொழுதுபட்டு வருகிற இரவு. அதன் ஒரு மணி என்பது மணிக்கூட்டுக் கணக்கில் வெள்ளி 01.00.

ஆக, உங்கள் டிக்கெட்டில் வெள்ளி 01.00 என்றிருப்பதை “வெள்ளி இரவு ஒரு மணி” என்று நீங்கள் சொன்னால், முஸ்லிம் ஊரான காத்தான்குடியின் அப்பா சரியான இரவில் வந்து நிற்பார், பக்கத்துத் தமிழ் ஊரான ஆரையம்பதியின் அப்பு ஒரு நாள் பிந்தி வருவார். சரி, தமிழ்ப் பக்கம்தான் பிழை என்று முடிவெடுக்கவும் வேண்டாம். பஸ் வெள்ளி 22.00 என்று வைத்துக்கொள்ளுங்கள். “வெள்ளி இரவு பத்து மணி” என்றால் அப்பு நேரத்துக்கு வந்து ஏறிவிடுவார், அந்த அப்பா முதல் நாள் இரவே பெட்டியோடு வந்து “பஸ் எங்க?” என்று கேட்பார். இருவரும் தத்தமது கணக்கில் சரி. எழுதிக் கொடுத்தவர்தான் யார் கணக்கில் எழுதினோம் என்று யோசிக்கவில்லை. இளம் ஆக்கள் இப்போது போனைப் பார்த்து நாளை எண்ணப் பழகிவிட்டார்கள் என்பதும் உண்மை. ஆனால் போனைப் பார்க்கிற இளம் ஆக்களை நான் கூட்டிப்போவதைவிட அவர்களின் தாய் தகப்பனைக் கூட்டிப்போவதுதான் அதிகம்.

இதற்கு மேல் 12 என்ற இலக்கம் ஒரு தொல்லை. அரசாங்கக் கடிதங்களில் மு.ப., பி.ப. என்று போடுவார்கள். பகல் 12.30 பி.ப. என்பது சரி. இரவு 12.30 மு.ப. என்று சொன்னால் எத்தனை பேருக்கு உடனே பிடிபடும்? சரியாக நடுப்பகல் பன்னிரண்டு என்பது நடுப்பகலுக்கு முன்னா பின்னா? இரண்டும் இல்லை. இதனால்தான் நேரத்தோடு தொழில் செய்கிற பலர் சரியான நள்ளிரவை எழுதாமல் 23.59 என்றோ 00.01 என்றோ எழுதுவார்கள். 11 மணிக்குப் பிறகு 12 வந்து, அதற்குப் பிறகு 1 வந்து, ஆனால் அந்த 12 முந்திய பதினொன்றோடு சேராமல் பிந்திய ஒன்றோடு சேரும் என்பது யாரும் யோசித்து வகுத்த ஒழுங்கு போலத் தெரியவில்லை.

பஸ் கந்தோர்களில் இன்னொன்று நடக்கிறது. சின்ன மிசினில் அச்சாகி வரும் துண்டு சூட்டுக்கு மங்கிப்போகும். வானின் முன்கண்ணாடிப் பக்கம் ஒரு பகல் வைத்தால் முழுவதும் கறுத்துவிடும், சட்டைப் பையில் வியர்வையோடு இருந்தாலும் எழுத்துப் போகும். முதலில் போவது அந்த ஏ.எம்., பி.எம். என்ற பொடி எழுத்துத்தான். மிஞ்சுவது 9.30. காலையா மாலையா என்று இனி யாரிடம் கேட்பது? 21.30 என்று அச்சிட்டிருந்தால் இலக்கமே எல்லாவற்றையும் சொல்லிவிடும், பக்கத்தில் துணைக்கு எழுத்துத் தேவையில்லை.

இந்தக் கதையை எடுத்தாலே என்னிடம் வருகிற முதல் மறுப்பு, “அது ஆமி நேரம்” என்பதுதான். அதைத் தட்டிவிட்டுப் போக எனக்கு மனமில்லை. பதினெட்டு மணி, ஆறு மணி என்று ஊரடங்கை ஒலிபெருக்கியில் கேட்டு வளர்ந்த ஊர் இது. செக்பொயின்ற் மூடும் நேரத்துக்குள் ஓடிவந்த ஊர். வேலிக்கு வெளியே நின்று கேட்ட நேரத்தைத் தன் வீட்டு மணிக்கூட்டில் வைக்க ஒரு மனிதர் விரும்பாவிட்டால் அவரோடு நான் வாதாடமாட்டேன். ஆனால் இந்தக் கணக்கு இராணுவத்தில் பிறந்ததல்ல என்பதை மட்டும் சொல்லிவைக்கிறேன், ஏனென்றால் இதைப் பிறப்பித்தவர்கள் நம் தொழில்காரர்கள்.

1876இல் அயர்லாந்தில் சாண்ட்ஃபோர்ட் ஃப்ளெமிங் என்ற கனடிய ரயில்வே பொறியியலாளர் ஒரு ரயிலைத் தவறவிட்டார். காரணம், அட்டவணையில் காலைக்கும் மாலைக்கும் உரிய எழுத்து மாறி அச்சாகியிருந்தது. நம்முடைய நீலப் பேனை வட்டம் மாதிரியேதான்! அந்த மனிதர் அதோடு சும்மா இருக்கவில்லை. உலகத்துக்கே ஒரு நேர ஒழுங்கு வேண்டுமென்று பல ஆண்டுகள் எழுதியும் பேசியும் திரிந்தார். 1884இல் வாஷிங்டனில் பல நாடுகள் கூடிய மாநாட்டில், உலகப் பொது நாள் நள்ளிரவில் தொடங்கி 0 முதல் 24 வரை எண்ணப்பட வேண்டுமென்று தீர்மானம் வந்தது. 1886இல் கனடிய பசிபிக் ரயில்வே 24 மணி முறைக்கு மாறியது. இத்தாலி 1893இல் மாறியது. பிரித்தானியக் கடற்படை 1915இலும் தரைப்படை 1918இலும்தான் இதை எடுத்துக்கொண்டன. ஆகவே ஆமிக்காரர்கள் இதை ரயில்காரர்களிடமிருந்து பின்னால் வாங்கியவர்கள். அவர்கள் புள்ளி வைக்காமல் 1830 என்று நான்கு இலக்கமாக எழுதுவார்கள், “மணி” என்பதை அழுத்திச் சொல்வார்கள். நாம் 18.30 என்று புள்ளி வைத்து எழுதுவோம், வாயால் பின்னேரம் ஆறரை என்றே சொல்வோம். நம் ரயில் திணைக்களத்தின் இணையத்தில் மட்டக்களப்பு ரயிலைத் தேடிப் பாருங்கள், அங்கேயும் 24 மணிதான்.

இன்னும் பின்னால் போனால், நாளை இரண்டாக வெட்டி ஒரே இலக்கத்தை இரண்டு தரம் எண்ணுகிற பழக்கமே நம்முடையதல்ல. பஞ்சாங்கத்தில் நாளுக்கு 60 நாழிகை, ஒரு நாழிகை 24 நிமிடம். உதயத்திலிருந்து தொடங்கி அடுத்த உதயம் வரை எண்ணிக்கொண்டே போவார்கள், நடுவில் திரும்பி ஒன்றுக்கு வருவதில்லை. சாதகம் எழுதும்போது “உதயாதி நாழிகை இத்தனை” என்று குறிப்பார்கள். அதில் இரவா பகலா என்ற கேள்வியே எழாது. பெருமைக்காக இதைச் சொல்லவில்லை. “நமக்கு ஒத்துவராத கணக்கு” என்று சொல்பவருக்கு வீட்டு அலுமாரியிலேயே மறுமொழி கிடக்கிறது என்பதற்காகச் சொன்னேன்.

இரண்டாவது மறுப்பு, “வயசான ஆக்களுக்குப் பழக்க ஏலாது” என்பது. இதைச் சொல்கிறவர்களுக்கு ஒன்று ஞாபகப்படுத்த வேண்டும். 1996 மே மாதம் அரசாங்கம் நாட்டின் மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் முன்னே தள்ளியது. அதே ஆண்டு ஒக்டோபரில் அரை மணித்தியாலம் பின்னே இழுத்தது. 2006 ஏப்ரலில்தான் பழைய இடத்துக்கு வந்தது. இடைப்பட்ட காலத்தில் புலிகளின் கட்டுப்பாட்டுப் பகுதியில் பழைய நேரமே ஓடியது. மட்டக்களப்பு வாவியின் கிழக்குப் பக்கமான எழுவான்கரையில் புதிய நேரம், வாவியைக் கடந்து மேற்குப் பக்கமான படுவான்கரையில் கால் வைத்தால் பழைய நேரம். மண்முனைப் பாலம் 2014இல்தான் வந்தது, அதுவரை அந்த இடத்தில் பாதை என்ற மிதவைப் படகில் ஏறித்தான் அங்கால் போக வேண்டும். பாதைக்கு இந்தக் கரையில் ஒரு நேரம், அந்தக் கரையில் ஒரு நேரம், பள்ளிக்கூடத்துக்கு ஒன்று, கந்தோருக்கு ஒன்று. “பழைய நேரமா, புது நேரமா?” என்று கேட்டுக்கேட்டே காலம் ஓட்டினார்கள். எழுதப்படிக்கத் தெரியாத விறகு வெட்டிக்கும் தயிர் கொண்டுவந்த பெண்ணுக்கும் அந்தக் கணக்கு பிசகவில்லை. அந்தத் தலைமுறைக்கு 13 முதல் 23 வரை பழக்க முடியாது என்று ஏஜென்சிக் கதிரையில் இருந்துகொண்டு சொல்வது எனக்குச் சரியாகப் படவில்லை.

பழக்குவது எப்படி என்று கேட்பீர்கள். நான் கட்டாரில் கம்பெனிக் காவல் வேலையில் இருந்த காலத்தில் படித்தேன். அங்கே டியூட்டி அட்டவணை முழுவதும் 24 மணிதான். நேபாளியும் வங்காளியும் மலையாளியும் நானும் ஒரே தாளைப் பார்த்து ஷிஃப்ட் மாறினோம், ஒருவர் மொழி மற்றவருக்குத் தெரியாது, ஆனால் 22.00 என்றால் எல்லோருக்கும் ஒன்றுதான். அங்கே யாரும் வகுப்பு எடுக்கவில்லை. பார்த்துப் பார்த்தே வந்தது.

ஊருக்கு வந்த பிறகு வீட்டிலும் மற்றவர்களிடமும் பழக்கிப் பார்த்ததில் எனக்குத் தெரிந்த முறையைச் சொல்கிறேன். பன்னிரண்டைக் கழி என்று ஒருபோதும் சொல்லிக்கொடுக்காதீர்கள். அவசரத்தில் யாராலும் 21இலிருந்து 12ஐக் கழிக்க முடியாது, அப்படிச் செய்கிற மனம் அதை எப்போதும் அந்நியக் கணக்காகவே வைத்திருக்கும். அதற்குப் பதிலாக நாளில் நடக்கிற காரியங்களோடு கட்டிவிடுங்கள். 13 மத்தியானச் சோறு. 15 தாண்டினால் அஸர் பாங்கு கேட்கும். 18 விளக்கு வைக்கிற நேரம், மஃரிப். 20 இரவுச் செய்தி. 22 கதவு பூட்டுகிற நேரம். இந்த ஐந்தும் வந்துவிட்டால் நடுவிலுள்ளவை தானாக வரும். எப்படியும் கணக்குப் போட்டே பார்க்க வேண்டுமென்று அடம்பிடிப்பவர்களுக்கு ஒரு குறுக்குவழி இருக்கிறது. கடைசி இலக்கத்தில் இரண்டைக் கழியுங்கள்: 15இன் ஐந்தில் இரண்டு போக மூன்று, 19இன் ஒன்பதில் இரண்டு போக ஏழு. இருபதிலிருந்து மிஞ்சுவது நான்கே நான்கு, மனதில் வைத்துக்கொள்ளலாம்.

இதில் நம் பகுதிக்கு ஒரு வசதி உண்டு. ஐரோப்பாவில் கோடையில் இரவு பத்து மணிக்கும் வெளிச்சம் இருக்கும், மாரியில் நான்கு மணிக்கே இருட்டிவிடும் என்று அங்கிருப்பவர்கள் சொல்வார்கள். அவர்களுக்கு இலக்கம் ஒரு பக்கம், வானம் ஒரு பக்கம். நமக்கு ஆண்டு முழுவதும் சூரியன் ஏறத்தாழ 06இல் எழும்பி ஏறத்தாழ 18இல் விழும், முன்பின் இருபது நிமிடம் போல வித்தியாசம் வரலாம். இலங்கை நேரம் கணக்கிடப்படும் 82.5 பாகைக் கோடு நமக்குக் கிழக்கே கடலில் கொஞ்சத் தூரத்தில் போகிறது. பொத்துவிலுக்கு வடக்கேயுள்ள சங்கமன்கண்டிதான் நாட்டின் கிழக்குக் கோடி. ஆகவே உச்சி வெயிலும் மணிக்கூட்டின் 12.00உம் இந்த நாட்டில் கிட்டக்கிட்டச் சந்திக்கிற இடம் நம்முடைய கரைதான். மட்டக்களப்பில் இரண்டுக்கும் சராசரியாக மூன்று நான்கு நிமிட இடைவெளியே. 06, 12, 18 என்ற மூன்றையும் வானத்தைப் பார்த்தே சொல்லிவிடலாம் என்றால் மிச்சமென்ன கஷ்டம்?

போனைப் பற்றியும் ஒரு சொல். எல்லாப் போனிலும் செட்டிங்சில் திகதி, நேரம் என்ற இடத்தில் 24 மணிக்கு மாற்ற ஒரு பொத்தான் இருக்கிறது. உங்களிடம் டிக்கெட் எடுக்க வருகிறவரின் போனை வாங்கி, அவர் சம்மதத்தோடு, அந்த இடத்திலேயே மாற்றிக் கொடுங்கள். பயணத்துக்கு ஒரு மாதம் இருக்கிறதென்றால் அந்த ஒரு மாதமும் அவர் அதைப் பார்த்துக்கொண்டே இருப்பார். முதல் நாள் எரிச்சல் வரும், பேரப்பிள்ளையைத் திட்டுவார். கொஞ்ச நாளில் திட்டு நிற்கும். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் இதைக் கணித பாடத்திலேயே படிக்கிறார்கள், வீட்டில் ஆசிரியர் தயாராகவே இருக்கிறார் என்று அர்த்தம். இன்னொரு காரணமும் உண்டு. அலாரத்தை காலை நாலுக்கு என்று நினைத்துப் பின்னேரம் நாலுக்கு வைத்துவிட்டுப் படுக்கிற விபத்து 24 மணியில் நடக்காது. நோன்பு காலத்தில் விடியுமுன் சஹர் சாப்பாட்டுக்கு எழும்புகிறவர்களிடம் இதைச் சொல்லுங்கள், உடனே மாற்றுவார்கள்.

வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் பயிற்சிக்குப் போகிற பெண்களுக்குச் சலவை இயந்திரம் காட்டுகிறார்கள், அரபு வார்த்தை சொல்லிக்கொடுக்கிறார்கள், நல்லது. அதில் ஒரு மணித்தியாலம் டிக்கெட் வாசிக்கவும் ஒதுக்கினால் இன்னும் நல்லது. நீங்கள் அனுமதிப்பத்திரம் பெற்ற ஏஜென்சி என்றால் அங்கே போய்வருகிற நீங்களே இதைக் கேட்கலாம், வான்காரன் கேட்டால் யார் கேட்பார்?

இனி எழுதும் முறை. நான் கேட்பது இப்படி:

“விமானம்: 12 செவ்வாய் 00.40 (திங்கள் பொழுதுபட்டுச் செவ்வாய் விடிவதற்கு இடைப்பட்ட இரவு). விமான நிலையத்தில்: 11 திங்கள் 21.40. வீட்டிலிருந்து: 11 திங்கள் 13.00.”

மூன்று நேரம், மூன்றும் 24 மணியில், ஒவ்வொன்றுக்கும் கிழமை. கடைசி வரிதான் ஆக முக்கியம், ஏனென்றால் பிரயாணி உண்மையில் செய்யப்போவது அது ஒன்றைத்தான். விமானம் எத்தனை மணிக்கு ஏறும் என்பது விமானியின் பாடு. வீட்டிலிருந்து எப்போது வெளிக்கிடுவது என்பதைப் பெரும்பாலும் நீங்கள் எழுதுவதே இல்லை, அதை எங்களிடம் விட்டுவிடுகிறீர்கள். அதில் எங்களுக்கு ஆட்சேபனை இல்லை, ஆனால் எங்களுக்கு கோல் வருவதே பிழையான நாளில் என்றால் நாங்கள் என்ன செய்வது?

அடைப்புக்குள் எழுதிய அந்த நீளமான வரி அழகில்லைத்தான். “பொழுதுபட்டு”, “விடிவதற்கு” என்றெல்லாம் டிக்கெட்டில் எழுதுவதா என்று கந்தோரில் சிரிப்பார்கள். தமிழ்க் கணக்கிலும் முஸ்லிம் கணக்கிலும் ஒரே இரவைக் காட்டுகிற சொல் அதைத் தவிர எனக்கு வேறு கிடைக்கவில்லை. யாரிடமாவது சுருக்கமான ஒன்று இருந்தால் தாருங்கள்.

வளைகுடாவிலிருந்து திரும்பி வருகிறவர்களுக்கும் இதே முறைதான். அங்கே ஏறும் நேரம் அந்த நாட்டு நேரம், இங்கே இறங்கும் நேரம் நம் நேரம். கட்டார், குவைத், சவூதி நமக்கு இரண்டரை மணித்தியாலம் பின்னால், துபாயும் ஓமானும் ஒன்றரை மணித்தியாலம் பின்னால். மகன் அங்கிருந்து “ராத்திரி பத்துக்கு ஏறுறன்” என்று சொன்னதை நம்பி, இங்கே அதே நாள் திகதியில் வான் கேட்பவர்கள் உண்டு. அவன் வந்து இறங்குவது அடுத்த நாள் விடியற்காலை. இறங்கும் நேரத்தை மட்டும் எழுதிக்கொடுங்கள், ஏறும் நேரம் இங்கே காத்திருப்பவருக்குத் தேவையில்லை.

பஸ்காரர்களிடம் தனியாக ஒன்று. பொத்துவிலிலோ அக்கரைப்பற்றிலோ இரவில் கிளம்பி வருகிற பஸ்ஸில் வழியிலிருந்து ஏறுகிறவருக்கு நள்ளிரவுக்குக் கிட்டத்தான் முறை வரும். பஸ் கிளம்பிய திகதியைத் துண்டில் அடித்து, ஏறும் இடத்தின் நேரத்தைப் பக்கத்தில் 12.10 என்று எழுதினால் அந்தத் திகதியும் அந்த நேரமும் ஒன்றோடொன்று பொருந்தாது. ஏறும் இடத்தின் திகதியை எழுதுங்கள். பஸ் நேரத்துக்கு வருவதே இல்லை, பிறகெதற்கு 00.10 என்று சுத்தமாக எழுத வேண்டும் என்று ஒரு புக்கிங் தம்பி கேட்டான். பஸ் அரை மணி பிந்தினால் பிரயாணி தரிப்பிடத்தில் அரை மணி நிற்பார். திகதி பிசகினால் இருபத்துநாலு மணித்தியாலம். அவனே சிரித்துவிட்டான்.

கோயில் நோட்டீசையும் பள்ளிவாசல் அறிவித்தலையும் கலியாணக் கார்ட்டையும் மாற்றச் சொல்லி நான் வரவில்லை. கண்ணகி அம்மன் கோயில் திருக்குளிர்த்திச் சடங்கு எந்தச் சாமத்தில் என்று ஊருக்கே தெரியும், முகூர்த்தத்துக்கு யாரும் ஒரு நாள் பிந்தி வருவதில்லை. அவை அப்படியே இருக்கட்டும். வெளியூர்க்காரன் ஒருவனின் அட்டவணையில் நாம் ஏறவேண்டியிருக்கிற இடங்களில் மட்டும்தான் இது வேண்டும்: விமானம், ரயில், இரவு பஸ், தூதரக நேர்முகம்.

அடுத்த மாதத்திலிருந்து நாங்கள் சில வான்காரர்கள் ஒரு முடிவு எடுத்திருக்கிறோம். வாயால் சொல்லும் நேரத்துக்கு வான் பதியமாட்டோம். டிக்கெட்டின் படம் வாட்ஸ்அப்பில் வர வேண்டும், நாங்கள் மேலே சொன்ன மூன்று வரியை எழுதித் திருப்பி அனுப்புவோம், வீட்டில் ஒருவர் அதைச் சத்தமாக வாசித்துக் குரல்பதிவு அனுப்பினால்தான் வான் உறுதி. இது உங்கள் வேலையில் தலையிடுவதாக யாருக்காவது தோன்றினால், அந்த மூன்று வரியை நீங்களே முதலில் எழுதிவிடுங்கள், நாங்கள் கேட்கவேண்டி வராது. மாதிரித் துண்டு ஒன்று அச்சிட்டு வைத்திருக்கிறேன். கல்முனை பஸ் நிலையத்துக்கு எதிரே வான்கள் நிற்கிற இடத்தில் கேட்டால் தருவார்கள், கட்டணம் இல்லை.

இப்படிக்கு,
கட்டுநாயக்கா வான் சாரதி ஒருவர்,
கல்முனைப் பக்கம்.